புயலில் மதில்சுவர் ஏன் விழுகிறது: மொரிஷியஸ் வீட்டுக்காரர்களுக்கு ஓர் எளிய கணக்கு

வீட்டுச் சுவரும் மதிலும் ஒரே பிளாக்கில், ஒரே கலவையில், ஒரே கொத்தனார் கையால் எழுபவைதான். ஆனாலும் பெரும் புயல் ஓய்ந்த காலையில் வீடு நிற்கிறது, மதில் தெருவில் கிடக்கிறது. வீட்டுச் சுவரைத் தலையில் தளம் பிடித்திருக்கிறது, இரு ஓரத்திலும் குறுக்குச்சுவர் பிடித்திருக்கிறது. மதிலுக்கு அடியில் மட்டுமே பிடி. மண்ணில் நட்ட பலகையைப் போல, மேலே விழும் காற்றின் விசை முழுவதையும் அது காலால் தாங்கியாக வேண்டும். ஆகவே மதிலைத் திட்டமிடும்போது கவனம் முதலில் போக வேண்டிய இடம் அடிப்பகுதி: அடி வரிசை பிளாக், அதன் கீழே தரைவிட்டம் (தரையோடு ஓடும் கான்கிரீட் உத்தரம்), அதன் கீழே அஸ்திவாரம்.

கோயில் மதிலானாலும் வீட்டு மதிலானாலும் கணக்கு ஒன்றே. இங்கே 1.8 மீட்டர் உயர மதிலை எடுத்துக்கொண்டு அதைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

காற்றின் எடை எவ்வளவு?

காற்றின் வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றி, அதைத் தன்னோடு பெருக்கி, 16ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிலோ அழுத்துகிறது என்று கிடைக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 33.3 மீட்டர்; அழுத்தம் ஏறத்தாழ 70 கிலோ. நான்காம் வகுப்புப் புயல் எச்சரிக்கை தருவதற்கு அளவாக இங்கே வைத்திருக்கும் வேகம் அதுதான். 1994 பிப்ரவரியில் வந்த ஹொலாண்டா புயலில் மணிக்கு 216 கிலோமீட்டர் வேக வீச்சு பதிவானது. அது நொடிக்கு 60 மீட்டர்; 60 × 60 ÷ 16 = 225 கிலோ. 1975இல் ஜெர்வேஸ் புயலின் 280 கிலோமீட்டர் வீச்சுக்கு 378 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. "போன புயலுக்குத் தாங்கிய மதில்" என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டு அடுத்த புயலை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதில் இரண்டு திருத்தங்கள் உண்டு. வானிலை நிலையம் சொல்லும் வேகம் திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்துக்கு உரியது. தரையை ஒட்டிக் காற்று சற்றுத் தளரும். மதில் உயரத்தில் திறந்தவெளியில் அதில் பத்தில் ஒன்பது பங்கு வேகம் இருக்கும் என்று கொள்ளலாம், அழுத்தம் 0.81 பங்காகும். இன்னொரு பக்கம், காற்று மதிலின் முன்முகத்தைத் தள்ளுவதோடு நிற்பதில்லை, பின்முகத்தை உறிஞ்சி இழுக்கவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால், நீண்ட மதிலின் நடுப்பகுதியில் 1.2 மடங்கு. 0.81ஐ 1.2ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 1. எனவே நடுப்பகுதிக்கு 225 கிலோவையே வைத்துக்கொள்ளலாம். மேட்டு உச்சியில் நிற்கும் வீட்டுக்கு இது போதாது. சரிவில் ஏறி வரும் காற்று உச்சியில் வேகம் கூடும்.

எடை காப்பாற்றுமா?

பிளாக் கனமானது, அதன் எடையே மதிலை நிறுத்தும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஒரு மீட்டர் நீள மதிலை மட்டும் பாருங்கள். உயரம் 1.8 மீட்டர், கனம் 150 மில்லிமீட்டர், அதாவது நாம் ஆறு அங்குல பிளாக் என்று சொல்வது. உள்துளைகளை நிரப்பிக் கட்டியதாகவே வைத்துக்கொள்வோம். எடை 540 கிலோ. மதில் கவிழ்ந்தால் தன் கால் விளிம்பைச் சுற்றித்தான் கவிழும். எடை செயல்படும் நடுக்கோடு அந்த விளிம்பிலிருந்து 0.075 மீட்டர் தள்ளி இருக்கிறது. விசையையும் அந்தத் தூரத்தையும் பெருக்கினால் வரும் சுழற்று வலுவைத் திருப்பம் என்போம். தாங்கும் திருப்பம் 540 × 0.075 = 40.5 கிலோ-மீட்டர்.

காற்றின் விசை 225 × 1.8 = 405 கிலோ. அது பாதி உயரத்தில், 0.9 மீட்டரில் தள்ளுகிறது. கவிழ்க்கும் திருப்பம் 364.5. எடை தருவதைப் போல ஒன்பது மடங்கு! 120 கிலோமீட்டர் வீச்சிலேயே கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. துளை நிரப்பாத பிளாக்கானால் இன்னும் மோசம்.

அப்படியானால் கம்பி இல்லாத இத்தனை மதில்கள் எப்படி நிற்கின்றன? பிளாக்கையும் பிளாக்கையும் ஒட்டும் சாந்தின் இழுவிசை ஒன்றை நம்பித்தான். அந்தப் பிடிப்பு சதுர மில்லிமீட்டருக்கு 0.2 நியூட்டன் அளவில் இருக்கும் சிறிய விசை. 120 கிலோமீட்டர் வீச்சே அதைக் கடந்துவிடும். காய்ந்த பிளாக் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டாலோ, கருங்கல் தூள் மிகுந்த ராக்சாண்ட் (கல்லை உடைத்து எடுக்கும் மணல்) போட்டாலோ, கலந்து இரண்டு மணிநேரம் ஆன சாந்தில் மீண்டும் தண்ணீர் ஊற்றிப் பூசினாலோ அதுவும் கிடைக்காது. ஒருமுறை கிடைவாட்டில் விரிசல் விட்டுவிட்டால் பிறகு எடை மட்டுமே மிச்சம்.

எடையால் மட்டும் 225 கிலோ அழுத்தத்தில் 1.8 மீட்டர் மதில் நிற்க வேண்டுமானால் கனம் 450 மில்லிமீட்டர் வேண்டும், அதுவும் விளிம்பில் தள்ளாடும் சமநிலையில். பழைய கருங்கல் மதில்களை அவ்வளவு அகலமாக எழுப்பியவர்கள் கல்லை வீணாக்கவில்லை. இன்று அந்த அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். போன அகலத்துக்கு ஈடாகக் கம்பியும் கான்கிரீட்டும் வந்தே ஆக வேண்டும்.

தூண்கள்: எந்தப் பக்கம் அகலம்?

இங்கே எளிதாகக் கட்டக்கூடியது, கான்கிரீட் தூண்களுக்கு இடையே பிளாக் நிரப்பும் முறை. கீழே தரைவிட்டம், மேலே தலைவிட்டம், 2.5 மீட்டருக்கு ஒரு தூண். நடுத் தூண் ஒன்றுக்கு வரும் விசை 225 × 1.8 × 2.5 = 1,010 கிலோ; தூணின் அடியில் திருப்பம் ஏறத்தாழ 910 கிலோ-மீட்டர்.

இதற்கு 200 × 200 தூணில் நான்கு 12 மி.மீ. கம்பி போதும் என்று சொல்வது வழக்கம். பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்கு சேர்த்துக் கணக்கிட்டால் போதாது: முகத்துக்கு சுமார் 255 சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டும், இரண்டு 12 மி.மீ. கம்பி தருவது 226. அதே தூணை 200 × 250 ஆக்கி, 250 பக்கத்தை மதிலுக்குச் செங்குத்தாக, காற்று வரும் திசையில் வைத்தால் தேவை 172 ஆகக் குறைகிறது. அதே நான்கு கம்பி தாராளம். அழகுக்காகத் தூணை மதில் முகத்தோடு சமமாக வைக்க ஆசைப்பட்டு 250 பக்கத்தை மதில் நீளத்தில் படுக்க வைத்துவிட்டால் அந்த 50 மில்லிமீட்டர் கான்கிரீட்டால் பயனே இல்லை. தூண் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கட்டும்.

கம்பி இரண்டு முகத்திலும் சமமாக இருக்க வேண்டும். புயலின் கண் கடந்து போனபின் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும். முதல் பாதியில் இழுபட்ட முகம் இரண்டாம் பாதியில் அழுந்தும். பிளாக் துளையின் நடுவில் ஒற்றைக் கம்பி இறக்கும் முறையில், அந்தக் கம்பி இரண்டு திசைக்கும் உதவும், ஆனால் சுவர் கனத்தில் பாதி ஆழத்தோடு மட்டும். எட்டு அங்குல பிளாக்கில் 400 மி.மீ.க்கு ஒரு 12 மி.மீ. கம்பி இறக்கி, துளைகள் எல்லாவற்றையும் கான்கிரீட்டால் நிரப்பினால் மதிலின் நடுப்பகுதிக்கு அதுவும் போதும். ஆறு அங்குலத்தில் இதை முயல வேண்டாம்.

அஸ்திவாரத்திலிருந்து எழும் கம்பியும் தூண் கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் 12 மி.மீ. கம்பிக்கு 600 மி.மீ. இருக்க வேண்டும். திருப்பம் உச்சத்தில் இருக்கும் இடமே அது; 250 மி.மீ. விட்டுக் கட்டிய கம்பி உருவிக்கொண்டு வரும். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம் 150 மி.மீ.க்கு ஒன்று. கம்பிக்கு வெளியே கான்கிரீட் 40 மி.மீ., கடலோரத்தில் 50. உப்புக்காற்றில் துருவும் கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும், அதுவும் மண்மட்டத்துக்குச் சற்று மேலே, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்.

கட்டும் வரிசை முக்கியம். பிளாக்கை முதலில் எழுப்பி, தூண் இடத்தில் ஒரு வரிசை நீட்டியும் ஒரு வரிசை உள்வாங்கியும் பல் விட்டு, பிறகு பலகை அடித்துத் தூணை வாருங்கள். கான்கிரீட் பற்களுக்குள் புகுந்து பிளாக்கைக் கவ்வும். தூணை முதலில் வார்த்துவிட்டால் பிளாக்குக்கும் தூணுக்கும் இடையே பூச்சு மட்டுமே மிஞ்சும். தூண்கள் நிற்க, நடுவில் உள்ள சுவர் கதவு போலத் திறந்து விழும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை துத்தநாகம் பூசிய ஏணிக்கம்பியைச் சாந்துக்குள் பதித்து, அதன் நுனியைத் தூணுக்குள் விடுவது இதற்கு நல்ல காப்பு. 10 மி.மீ. சாந்துப் படுகையில் 8 மி.மீ. கம்பியைத் திணிப்பது காப்பல்ல. கம்பியைச் சுற்றிச் சாந்தே இருக்காது.

வாசல் ஓரமே ஆபத்து

எல்லாத் தூணுக்கும் ஒரே இடைவெளி விடுவது பெரும்பாலான வரைபடங்களில் காணும் பிழை. மதில் முடியும் இடத்தில் காற்று சுழன்று திரும்புவதால் அங்கே அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. உயரத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் நீளமான மதிலுக்கு யூரோகோட் என்னும் ஐரோப்பியக் கட்டுமான விதி தரும் அழுத்த மடங்குகள் இவை: திறந்த நுனியிலிருந்து உயரத்தின் 0.3 பங்கு தூரம் வரை 3.4, இரண்டு மடங்கு உயரம் வரை 2.1, நான்கு மடங்கு வரை 1.7, அதற்கு அப்பால்தான் நாம் எடுத்துக்கொண்ட 1.2.

நம் மதிலுக்குப் போட்டுப் பாருங்கள். நுனித் தூணுக்குப் பாதி அகலச் சுவர்தான் பங்கு, ஆனால் விசை 1,120 கிலோ. நடுத் தூணைவிட அதிகம். அதற்கு அடுத்த தூணுக்கு 1,750 கிலோ. இரண்டாவது தூண் முதலில் ஒடிந்து மற்றதை இழுத்துக்கொண்டு போவதன் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது.

திறந்த நுனி என்பது மதிலின் கடைசி முனை மட்டுமல்ல. வாகனம் நுழைய விட்ட நான்கு மீட்டர் வாசலின் இரண்டு பக்கமும் நுனிகளே. தேர் வெளியே வர அகலமான வாசல் விட்ட கோயில் மதிலுக்கும் அப்படியே. இரும்புக் கதவு அந்தத் தூணில் தொங்கினால் அதன்மேல் படும் காற்றும் கூடச் சேரும்.

தீர்வு எளிது. நுனியிலிருந்து 3.6 மீட்டர் வரை தூண் இடைவெளியை 1.4 மீட்டராகவும், அடுத்து 7.2 மீட்டர் வரை 1.75 ஆகவும் குறைத்து, அதன்பின் 2.5க்குப் போங்கள். இடமிருந்தால் நுனியில் மதிலை உள்நோக்கித் திருப்பி, உயரத்துக்குக் குறையாத நீளத்துக்கு ஒரு மடிப்புச் சுவர் கட்டுங்கள், நுனியின் 3.4 என்பது 2.1 ஆகிறது, மடிப்பும் முட்டுச்சுவராக நின்று தாங்குகிறது. மூன்றாவது வழி கிளாஸ்த்ரா, அதாவது காற்று ஊடுருவும் துளை பிளாக். மதில் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை எங்கும் சீராகத் துளையாக விட்டால் நுனியிலும் 1.2 போதும் என்கிறது அதே விதி. இரண்டு வரிசை கிளாஸ்த்ராவை மேலே மட்டும் வைத்தால் இந்தச் சலுகை முழுதாகக் கிடைக்காது.

அஸ்திவாரம்: எல்லாரும் குறைக்கும் இடம்

தூண் எவ்வளவு வலுவாக இருந்தாலும், மண்ணுக்குள் இருக்கும் பாதம் குறுகலானால் மதில் முழுசாக, விரிசலே இல்லாமல், வேரோடு சாயும். 600 மி.மீ. ஆழத்தில் பாதத்தின் அடி இருந்தால், 2.5 மீட்டர் துண்டுக்குக் கவிழ்ப்புத் திருப்பம் 1,010 × (0.9 + 0.6), ஏறத்தாழ 1,520 கிலோ-மீட்டர். 450 மி.மீ. அகலம், 250 மி.மீ. கனம் உள்ள பாதத்தில், மதில், கான்கிரீட், மேலுள்ள மண் எல்லாம் சேர்த்து 2,660 கிலோ. தாங்கும் திருப்பம் சுமார் 600 தான். மணிக்கு 135 கிலோமீட்டர் வீச்சிலேயே அது சமநிலையின் விளிம்புக்கு வந்துவிடும்.

அகலத்தை 1.1 மீட்டராக்கினால் தாங்கும் திருப்பம் 2,530. காப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். கேட்பவர் முதலில் திகைப்பார்கள்: 15 சென்டிமீட்டர் சுவருக்கு 1.1 மீட்டர் பாதமா? அந்தச் சுவருக்கு மேலே பிடிக்க எதுவும் இல்லை என்பதை நினைவில் கொண்டால் திகைப்பு தணியும்.

எல்லைக்கோட்டில் கட்டும்போது இன்னொரு சிக்கல். பாதம் பக்கத்து வீட்டு மண்ணுக்குள் போகக் கூடாது, ஆகவே மதில் பாதத்தின் நடுவில் நிற்காமல் வெளி விளிம்பில் நிற்கும். அப்போது உள்ளே இருந்து வெளியே வீசும் காற்றுதான் கொடியது; மதில் தன் எடையால் தனக்கு உதவ முடியாது, பாதத்தின் மேல் கிடக்கும் மண்தான் உதவ வேண்டும். அகலம் 1.2 மீட்டர் வேண்டும். இந்தப் பாதத்தில் 12 மி.மீ. கம்பி 200 மி.மீ.க்கு ஒன்றாக, மேலேயும் கீழேயும் இரண்டு அடுக்கு. காற்று திசை மாறும்போது பாதமும் எதிர்ப்புறம் வளையும். மேல் அடுக்கை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பின்னால் வடிகாலோ குழாயோ பதிக்க அந்த மண்ணைத் தோண்டிப் போட்டால் மதிலின் எதிரெடையைத் தோண்டிப் போட்டதாகும்.

பாறை மேலேயே தட்டுப்படும் மனைகளில் நிலத்தோடு பிணைந்த பாறையா, மண்ணில் கிடக்கும் உருண்டையா என்று கடப்பாரையால் தட்டிப் பார்த்தே தீர வேண்டும். உருண்டையானால் அகற்றுங்கள். உறுதியான பாறையானால் துளையிட்டுக் கம்பியை அதற்கென்ற கலவையில் பதித்து, அகலத்தைக் குறைக்கலாம்; எத்தனை கம்பி, எவ்வளவு ஆழம் என்பதை பொறியாளர் பாறையைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஈரம் ஏறாமல் இருக்க அடிவரிசையில் பிளாஸ்டிக் தாளை விரிப்பது வீட்டுச் சுவருக்குச் சரி. மதிலில் அது வழுக்கும் தளம், இழுவிசை பூஜ்யம். அங்கே தாளுக்குப் பதிலாகச் செறிவான கலவையும் துளை நிரப்பிய பிளாக்கும் போதும். நீளத்தில் 6 மீட்டருக்கு ஒரு விரிவிடைவெளி விட்டு, அதன் இரு பக்கமும் தனித்தனித் தூண் வையுங்கள்.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. புயல் மழையில் தெரு நீர் மதிலின் ஒரு பக்கம் ஒரு மீட்டர் தேங்கினால், மீட்டர் நீளத்துக்கு 500 கிலோ தள்ளும். நம் காற்றின் 405 கிலோவைவிட அது அதிகம், தாழ்வாகத் தள்ளுவதால்தான் மதில் பிழைக்கிறது. போர்ட் லூயியில் 2024 ஜனவரியில் பெலால் புயல் கொண்டுவந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் மதிலடியில் நீர் வழிகளைத் திறந்து வைப்பார்கள். ஒரு பக்கம் மண்ணை உயர்த்தி நிரப்பினால் அது மதில் அல்ல, தாங்குசுவர். இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இங்கே எடுத்துக்கொண்டது 216 கிலோமீட்டர் வீச்சு. ஜெர்வேஸ் அளவுக்குக் கட்ட விரும்பினால் எல்லாத் திருப்பங்களையும் 1.68ஆல் பெருக்குங்கள். எந்த வேகத்துக்குக் கட்டுவது, அனுமதி வேண்டுமா என்பதை உங்கள் பொறியாளரோடும் நகரசபை அல்லது மாவட்ட சபையோடும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே நிற்கும் மதிலுக்கு

நவம்பருக்கு முன் ஒருமுறை தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஆறு அங்குல மதிலின் தலை 50 மி.மீ. சாய்ந்திருந்தால் அடியின் ஒரு விளிம்பு ஏற்கெனவே அழுத்தத்தை இழக்கத் தொடங்கிவிட்டது. முதல் இரண்டு வரிசைகளில் கிடைவாட்டு விரிசல், தூணடியில் துருக்கறை, பிளாக்கும் தூணும் சேரும் இடத்தில் நெட்டுக்கோடு: இந்த மூன்றையும் தேடுங்கள். பூச்சால் மூடுவது விரிசலை மறைக்கும், ஒட்டாது.

மதில் தலையில் பின்னால் ஏற்றியவற்றை முதலில் இறக்குங்கள். 1.8 மீட்டர் மதிலின் மேல் 60 சென்டிமீட்டர் தகரமோ மறைப்புத் துணியோ கட்டினால் அடியில் திருப்பம் 1.78 மடங்காகிறது. காவடி, திருவிழா நாட்களில் மதிலோடு சேர்த்துக் கட்டும் பெரிய பதாகைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தைப்பூசம் வருவதே புயல் காலத்தின் நடுவில். எச்சரிக்கை வந்தவுடன் அவிழ்த்துவிட வேண்டும்.

இடித்துக் கட்டப் பணமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: உயரத்தைக் குறைப்பது. மேலிருந்து மூன்று வரிசை பிளாக்கை எடுத்து 1.8ஐ 1.2 மீட்டராக்கினால் திருப்பம் பாதிக்கும் கீழே, 44 சதவீதத்துக்கு இறங்கும். எடுத்த இடத்தில் இரண்டு 10 மி.மீ. கம்பியோடு ஒரு தலைவிட்டம் வார்த்து, அந்தக் கம்பியைத் தூண்களுக்குள் செலுத்துங்கள். மறைப்பு வேண்டுமென்றால் அதன் பின்னால் செடிவேலி வளர்க்கலாம். அதை மதிலோடு கட்டிவிட வேண்டாம்.